தட்டினால் வருகிறவன்

ஜென்சி மேலூர் ஓரத்து வால்வுக் குழியருகே வந்து இறங்கியபோது நல்ல பகல். வெயில் சுள்ளென்று அடித்தது. பயப்படுகிற பொழுதே இல்லை, கண்ணுகளா.

ஒரு வாரமாக அந்தப் பக்கத்துத் தெருக்களுக்குத் தண்ணீர் இல்லை. கொள்ளிடத்திலிருந்து மண்ணுக்கடியில் வருகிற, ஆள் தவழ்ந்து போகும் அகலமுள்ள பெரிய குழாய் எங்கோ கசிந்தது. இடம் கண்டுபிடிப்பது ஜென்சியின் வேலை. வால்வைச் சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி, அலையாகக் குழாய்க்குள் திரும்பி ஓடும். ஓட்டையில் பட்டு அதில் கொஞ்சம் மீண்டு வரும். அது வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம்.

வால்வுக்காரர் ரத்தினவேல் குழிக்குள் இறங்கினார். "சீக்கிரம் கண்டுபிடிங்க மேடம். காலிக் குடத்தோட பொம்பளைங்க வந்தாலே நான் சந்துல பூந்து ஓடுறேன்."

"மூடுங்கண்ணே."

தொம்.

வேன் நிழலில் இருந்த லேப்டாப்பில், குழாயின் அழுத்தத்தைக் காட்டும் கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கியது. கணக்குப்படி தென்னந்தோப்புக்கு நேரே. ஆட்கள் போய்த் தோண்டினார்கள். மண் பொரபொரவென்று காய்ந்து கிடந்தது.

மறுபடி மூடினார்கள். இப்போது பள்ளம் இன்னும் கிட்டே, வாழைத்தோட்டத்துக்கு நேரே வந்திருந்தது.

"ஓட்டை நடக்குமா மேடம்?"

"நடக்காதுண்ணே."

"அப்ப உங்க பொட்டிக்குத்தான் வெயில் தாங்கல."

மூன்றாம் முறை, குழிக்குப் பத்தடி தள்ளி நின்ற புளியமரத்தடி. குழியிலிருந்து ஈரச் சிமெண்டு வாடை எழுந்தது.

பிறகு, குழாய்க்குள்ளிருந்து மெதுவாக ஒரு சத்தம்.

டொக்.

ரத்தினவேலின் முகம் வெளுத்தது. "வீரமலை," என்றார், குரல் எழும்பாமல். "இந்தக் குழாய் போட்டப்ப உள்ள தவழ்ந்து போய் இணைப்புல சிமெண்டு பூசுனவன். வெளியேருந்து ஒரு தட்டு தட்டினா 'வா'ன்னு அர்த்தம். 'வரேன்'னு உள்ளேருந்து ஒரு தட்டு தட்டுவான். ஒருநாள் தட்ட மறந்து தண்ணிய விட்டுட்டாங்க. ஆள் கிடைக்கவே இல்ல."

வால்வு மூடிய ஒவ்வொரு 'தொம்'மும் ஒரு தட்டு. மூன்று முறை அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, மேல வாங்க."

யாரும் வால்வைத் தொடவில்லை. கோடு தானாகவே இறங்கியது. குழிக்கு நேரே.

அவள் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். கனமான மனிதர், வழுக்கினார். சட்டென்று லேசாகி மேலே வந்து விழுந்தார்.

"கீழ யாரு மேடம் முட்டுக் குடுத்தது?"

கேட்டு முடிக்கவில்லை. வால்வை ஒட்டிய இணைப்பு வெடித்துக் குழி விளிம்பு வரை தண்ணீர் பொங்கியது. கசிவு அங்கேதான் இருந்திருக்கிறது, வெளியே தெரியாமல் அடிமண்ணுக்குள் இறங்கியபடி. உள்ளே இருந்திருந்தால் ரத்தினவேல் இல்லை.

அவருடைய இரண்டு உள்ளங்காலிலும் ஈரச் சிமெண்டு ஒட்டியிருந்தது. கைவிரல் தடத்தோடு.

பம்பை நிறுத்தி, தண்ணீரை இறைத்து, மறுநாள் காலை இருவரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெடித்த இணைப்பு பூசப்பட்டிருந்தது. வழவழவென்று, புதுச் சாந்து காயாமல்.

உள்பக்கமிருந்து.

ரத்தினவேல் கையில் சுத்தியல் இருந்தது. வேலை முடிந்தவனைக் கூப்பிட வேண்டும். அதுதானே முறை. அவர் ஜென்சியைப் பார்த்தார். தட்டாமலே சுத்தியலை மெல்லத் தரையில் வைத்தார். வைத்தபோதே அது இடித்தது.

டொக்.

குழாய் ஒரு கணம் பொறுத்திருந்தது. பிறகு, உள்ளிருந்து.

டொக்.