சூடு பார்த்து வாங்கு

சமையலறைத் தரையில் ஒருவன் குப்புறக் கிடந்தான்.

ஷௌகி விளக்கைப் போட்டிருக்கக் கூடாது.

இருட்டோடு இருட்டாக லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வந்த பால்கனி வழியாகவே இறங்கியிருக்கலாம். ஆனால் காலில் ஏதோ இடறியது. பூண்டு இடிக்கும் பித்தளை உலக்கை. அது உருண்டு போன சத்தத்தில் பயந்து, கை தானாகச் சுவிட்சைத் தேடிவிட்டது.

தலைக்குப் பக்கத்தில் ரத்தம்.

பாதி தெரிந்த அந்த முகத்தை ஷௌகிக்குத் தெரியும். கெய்ரோவில் கம்ப்யூட்டர் வாங்கும் எவனுக்கும் தெரியும்.

ஹாஸிம்.

குறைந்த காசுக்கு எந்த கேமிங் லாப்டாப் வாங்கலாம், எந்தக் கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று வீடியோ போடுகிறவன். ஒவ்வொரு வீடியோவும் ஒரே வாக்கியத்தில் முடியும்.

'ஸ்டிக்கரைப் பார்க்காதே. சூட்டைப் பார்.'

ஷௌகி குந்தி உட்கார்ந்து கழுத்தைத் தொட்டான். தன் விரல் நடுங்கியதில் வேறெதுவும் தெரியவில்லை.

"ஹாஸிம் தம்பி... எழுந்திருப்பா. சத்தியமா நான் லாப்டாப்பை எடுக்கத்தான் பால்கனி ஏறி வந்தேன். எங்க அக்கா பொண்ணு நிஹால் கட்டட டிசைன் படிக்கிறா. சாதா மிஷின்ல அந்தப் படமெல்லாம் ஓட மாட்டேங்குது..."

ஹாஸிம் எழுந்திருக்கவில்லை.

விற்பதற்கு என்றால் ஷௌகி எதையும் தூக்குவான். இது வீட்டுக்கு. அதனால்தான் இத்தனை யோசனை. ஹாஸிமின் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தான். எல்லா மிஷினிலும் ஏதோ ஒரு குறை. கடைசியில் ஹாஸிமே தன் சொந்த லாப்டாப்பை விற்பதாக விளம்பரம் போட்டான், விலாசத்தோடு. ஊருக்கே லாப்டாப் பார்த்துக் கொடுப்பவன் தனக்கென்று வைத்திருந்தது சோடை போகுமா?

பட்ஜெட்டும் ஒத்துவந்தது.

ஷௌகியின் பட்ஜெட் பூஜ்யம்.

வெளியே நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. ஃபைஸல் தெரு முழுக்க ஒரே நொடியில் அடங்கியது. நகரமே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். ரமலானில் இதைவிட நல்ல நேரம் அவன் தொழிலுக்குக் கிடையாது.

ஷௌகியும் நோன்பு. மேஜையில் ஒரு தட்டில் பேரீச்சம்பழம் இருந்தது. ஒன்றை வாயில் போட்டான். கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பால்கனிக்கு ஓடினான். எட்டிப் பார்த்தான்.

நேர் கீழே வாட்ச்மேன் பாயை விரித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

போச்சு.

அப்போது வாசல் மணி அடித்தது.

ஷௌகி மூச்சை அடக்கினான். மணி நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் அடித்தால் எதிர் வீட்டுக்காரன் வருவான். அப்புறம் வாட்ச்மேன் வருவான்.

சமையலறைக் கதவைச் சாத்தினான். முகத்தைத் துடைத்தான். வாசலை ஒரு சாண் திறந்தான்.

நாற்பது வயதுக்காரர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையின் மணிக்கட்டு மட்டும் ஈரம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். லாப்டாப் விக்கிறதா விளம்பரம் பார்த்தேன்."

"வ அலைக்குமுஸ்ஸலாம்... இப்பவா வந்தீங்க?"

"ஏன், வித்துப் போச்சா?"

"நோன்பு திறக்கிற நேரமாச்சே, பாஷா." கெய்ரோவில் இஸ்திரி போட்ட சட்டைக்காரர் எல்லோரும் 'பாஷா'தான்.

"வழியில தண்ணி குடிச்சேன். அது போதும்." அவர் கண் ஷௌகியின் தோளைத் தாண்டிப் போனது. "ஹாஸிம் இல்லையா?"

"நான் அவன் அண்ணன். அவன் மாமியார் வீட்டு விருந்துக்குப் போயிருக்கான்."

வந்தவர் கதவு இடுக்கை மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"நல்லதாப் போச்சு. அண்ணன் இருந்தாப் போதும். என் பேரு மெத்ஹத்."

கேட்காமலே உள்ளே வந்தார். லாப்டாப் மேஜையில் மூடிக் கிடந்தது. ஒயர் மாட்டிய ஹெட்போன் நாற்காலி முதுகில் தொங்கியது.

"இதுதானா? விலை?"

ஷௌகி அவரை விரட்டப் பார்த்தான்.

"விளம்பரத்துல முப்பத்தஞ்சாயிரம். ஆனா டாலர் ஏறிப் போச்சு. நாப்பதாயிரம் பவுண்டுக்கு ஒரு பைசா குறைஞ்சாலும் கிடையாது."

"சரி."

ஷௌகிக்குக் காது அடைத்தது.

கெய்ரோவில் தக்காளிக்கே மனிதர்கள் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். போவதுபோல் போவார்கள். திரும்பி வருவார்கள். குழந்தைகள் மேல் சத்தியம் செய்வார்கள். இவன் நாற்பதாயிரத்துக்கு 'சரி' என்கிறான். அதுவும் பழைய மிஷினுக்கு. அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

மெத்ஹத் பாக்கெட்டில் கைவிட்டார்.

அப்போதுதான் அது கேட்டது.

முனகல்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து. மிக மெல்ல. கதவுப் பக்கம் நின்ற ஷௌகிக்கு மட்டும்.

ஹாஸிம் சாகவில்லை!

ஷௌகிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் மறு பக்கம். இந்த ஆள் காதில் அது விழுந்தால், கொலைகாரன் யார் என்று ஊர் யாரைச் சொல்லும்? பால்கனி வழியாக வந்தவனைத்தான்.

சத்தம் வேண்டும். உடனே. பெரிய சத்தம்.

"பணம் அப்புறம் பாஷா. முதல்ல மிஷினை ஓடவிட்டுப் பாருங்க."

"வேணாம். நம்பிக்கைதான்."

"நம்பிக்கையா? பழைய லாப்டாப் விஷயத்துல பெத்த அப்பனை நம்பக் கூடாதுன்னு என் தம்பி சொல்லுவான்."

மூடியைத் திறந்தான். திரை உடனே பளிச்சென்றது. இத்தனை நேரம் தூங்கவே இல்லை போல.

சோதனை புரோகிராம் அங்கேயே திறந்திருந்தது. ஹாஸிம் வீடியோவில் காட்டும் அதேதான். மிஷினை முழு மூச்சில் ஓடவிட்டு எவ்வளவு சுடுகிறது என்று பார்ப்பது. ஷௌகி பட்டனைத் தட்டினான்.

விசிறி கிளம்பியது. முதலில் கொசு. பிறகு மிக்ஸி. பிறகு விமானம்.

"அரை மணி நேரம் ஓடணும்" என்று ஷௌகி கத்தினான். "அப்பத்தான் தெரியும்."

"எனக்கு அவசரம்" என்று மெத்ஹத்தும் கத்தினார்.

"வேகத்தைப் பார்த்து வாங்குறவன் அழுவான். எல்லா மிஷினும் முதல் அஞ்சு நிமிஷம் புலிதான். சூடு ஏறினப்புறம் எது புலியா நிக்குதோ, அதை வாங்கணும்."

"அதான் வாங்கறேங்கிறேனே..."

எண்பத்தைந்து டிகிரி. தொண்ணூறு. தொண்ணூற்றாறு.

ஷௌகி முகம் சுளித்தான். ஹாஸிமின் மிஷின் எண்பதைத் தாண்டாது. விளம்பரப் படத்தில் மூடியில் ஒரு நீளக் கீறல் இருந்தது. இதில் இல்லை. சாய்த்துப் பார்த்தான். அடியில் எல்லா ஸ்க்ரூவின் தலையும் தேய்ந்திருந்தது. பலமுறை கழற்றி மாட்டியது. மேலே மட்டும் புத்தம் புது ஸ்டிக்கர்.

"இது என் தம்பி மிஷின் இல்ல, பாஷா."

மெத்ஹத்தின் கை லாப்டாப் பக்கம் நகர்ந்தது. அவர் நெற்றி வியர்த்தது.

"பிட்காயின் தோண்டுற கூடத்துல ராப்பகலா வெந்து தணிஞ்ச சரக்கு. எவனோ ஐரோப்பாவிலேருந்து எடைக்கு வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டி மட்டும் பிரிச்ச புதுசுன்னு வித்திருக்கான்."

"நிறுத்து அதை."

"ஏன்?"

"நிறுத்துன்னா நிறுத்து."

அவரே கையை நீட்டி நிறுத்தினார். விமானம் இறங்கியது.

அந்த அமைதியில்... மறுபடி முனகல். இந்தத் தடவை நன்றாகவே கேட்டது.

மெத்ஹத் சமையலறைக் கதவைப் பார்த்தார்.

"பூனை" என்றான் ஷௌகி.

"ஹாஸிம் வீட்டுல பூனையா? பூனை முடி பட்டாலே அவனுக்கு மூச்சு வாங்குமே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

ஷௌகி மெதுவாகக் கேட்டான்.

"விளம்பரம் பார்த்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்?"

மெத்ஹத்தின் முகத்திலிருந்து வாடிக்கையாளர் இறங்கிப் போனார்.

"ஹாஸிமுக்குக் கல்யாணமே ஆகலை. உனக்கு மட்டும் எந்த மாமியார்டா தெரிஞ்சா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"நீ அண்ணன் இல்ல."

"நீங்க வாங்க வந்தவர் இல்ல."

"திருடன்தானே?"

"தொழில் அதுதான். கொலை இல்ல."

"நானும் கொல்ல வரலை." மெத்ஹத்தின் குரல் இறங்கியது. "இந்த லாப்டாப்பை அவனுக்கு வித்தது நான்தான். இன்னிக்கு எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு போனை எடுக்கிற நேரத்துல, என் கடை பேரைச் சொல்லி வீடியோ போடறேன்னான். கெஞ்சினேன். கேட்கலை. கைக்கு உலக்கைதான் கிடைச்சது... பயந்து மூடியைச் சாத்திட்டு ஓடிட்டேன். கதவும் பூட்டிக்கிச்சு. சாட்சியே இந்த மிஷின்தான்னு கீழே போனப்புறம்தான் உறைச்சுது. அண்ணாந்து பார்த்தா வீட்டுல விளக்கு. எழுந்துட்டான்னு நினைச்சேன்."

"விளக்கைப் போட்டது நான்."

"தெரியுது. இப்ப கேளு. பணம் உனக்கு. மிஷின் எனக்கு. ரெண்டு பேரும் வாசல் வழியா இறங்கிடலாம். நீ என்னைப் பார்க்கலை. நான் உன்னைப் பார்க்கலை."

"அவன்?"

"அவன் பொழைச்சா என்னைக் காட்டிக் கொடுப்பான். நீ வெளியே நில்லு. ஒரு நிமிஷம் போதும்."

மெத்ஹத் குனிந்தார். சமையலறையிலிருந்து உருண்டு வந்த உலக்கை சோபாக் காலோரம் கிடந்தது. எடுத்துக்கொண்டார்.

வாசல் திறந்திருந்தது. படிக்கட்டு தெரிந்தது. ஷௌகிக்கு ஓடத் தெரியும். அவன் வாழ்க்கையில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

காலைத் தூக்கினான்.

அது வாசலுக்குப் போகவில்லை.

"தள்ளு" என்றார் மெத்ஹத்.

சமையலறைக் கதவில் முதுகைச் சாய்த்து ஷௌகி நின்றான். கையில் லாப்டாப்.

"மூணு வாரமா அவன் பேச்சைத்தான் கேட்டேன், பாஷா. காசு வாங்காம எனக்கு நல்லது சொன்ன ஒரே ஆளு அவன்தான்."

உலக்கை வந்தது.

ஷௌகி லாப்டாப்பைக் குறுக்கே நீட்டினான். மூடி நொறுங்கியது. அடுத்த அடிக்கு அவர் ஓங்குவதற்குள் மிஷினைத் திருப்பி, அடிப்பக்கத்தை அவர் முகத்தில் வைத்து அழுத்தினான்.

தோசைக்கல்.

மெத்ஹத் அலறினார். உலக்கை விழுந்தது. அவர் மேஜையில் மோதி, நாற்காலியோடு சரிந்தார். ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டு பறந்தது.

ஒயர் போனதும் லாப்டாப்பிலிருந்து ஒரு பெண் குரல் அறை முழுக்க நிறைந்தது.

"அண்ணே... அவரை எழுந்திருக்க விடாதீங்க! போலீஸ் கீழே வந்தாச்சு!"

ஷௌகி திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தான். விரிசலுக்கு நடுவே ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. பக்கத்தில் ஒரு பெயர். நதா.

"யாரும்மா நீ?"

"ஹாஸிம் வீடியோவை எடிட் பண்றவ. அலெக்ஸாண்ட்ரியாவிலேருந்து பேசறேன். சோதனை பண்றப்ப லைன்லயே இருப்பேன். மூடியைச் சாத்தினாலும் மிஷின் நிக்கக் கூடாதுன்னு அவன் செட் பண்ணி வச்சிருக்கான். சண்டை ஆரம்பிச்சதுலேருந்து எல்லாம் கேட்டேன். கத்துகத்துன்னு கத்தினேன். என் சத்தமெல்லாம் ஹெட்போனுக்குள்ளயே போயிருக்கு."

"போலீஸ் ஏன் இவ்வளவு நேரம்?"

"போன் எடுத்தவர் வாய் நிறைய பேரீச்சம்பழம், அண்ணே. நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சது. அவர் சொன்னது எனக்குப் புரியலை."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

மெத்ஹத்தை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கன்னத்தில் ஸ்க்ரூவின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. ஹாஸிமை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அவன் கண் ஒரு முறை திறந்து மூடியது.

"பொழைச்சுக்குவான்" என்றார் கூட வந்த டாக்டர்.

ஆபீசர் ஷௌகி பக்கம் திரும்பினார்.

"நீ யாரு?"

மெத்ஹத் முந்திக்கொண்டார். "திருடன் சார்! திருட வந்தவன்!"

ஷௌகி உடைந்த லாப்டாப்பைப் பார்த்தான். சண்டை ஆரம்பித்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டவள் லைனில் இருக்கிறாள். அப்படியென்றால் தரையில் குந்தி அவன் புலம்பியதையும்... 'தொழில் அதுதான்' என்று சொன்னதையும்...

லாப்டாப் தொண்டையைக் கனைத்தது.

"சார், நான் நதா. போன் பண்ணினது நான்தான். அவர் ஹாஸிமோட அண்ணன். அந்தாளை ஏமாத்தத்தான் திருடன்னு சொல்லிக்கிட்டார்."

ஆபீசர் ஷௌகியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் தோளைத் தட்டினார்.

"நல்ல அண்ணன்யா. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடு."

எல்லோரும் இறங்கினார்கள். ஷௌகி தனியாக நின்றான். சோபாவுக்கு அடியில் இன்னொரு லாப்டாப் தெரிந்தது. மூடியில் நீளக் கீறல்.

குனிந்தான்.

"அண்ணே" என்றது உடைந்த மிஷின்.

நிமிர்ந்தான்.

"நிஹாலுக்கு எது நல்லாயிருக்கும்னு ஹாஸிம் கண் முழிச்சதும் கேட்டுச் சொல்றேன். அவனே ஒண்ணு கொடுத்தாலும் கொடுப்பான். கேமராவுல எல்லாம் தெரியுது, அந்த லாப்டாப்பைத் தொடாதீங்க."

"தொடலைம்மா."

"அப்புறம் இன்னொண்ணு..."

"என்ன?"

"ஒரு தடவையாவது வாசல் வழியாப் போங்க. பால்கனி நோன்பு திறந்த வயித்துக்கு ஆகாது."