முங்காற்றின் வாய்

பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் ஒரு பகல் முழுக்கப் போனபின் தாயம்மா தன் புது வீட்டைப் பார்த்தாள். காட்டுக்குள் சில மூங்கில் குடிசைகள். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் கொதிகலன்களுக்கு விறகு வெட்டுகிறவர்கள் இருக்கும் இடம். அதில் ஒரு குடிசை அவள் புருஷன் சம்பங்கியுடையது. அவனுக்கு அவள் இரண்டாந்தாரம். மூத்தாள் கிருஷ்ணம்மா ஒரு வண்டிக்காரனோடு ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டான்.

அங்கே ஓர் ஆறு இருந்தது. ஆறு என்பது மரியாதைக்குத்தான். அகலக் கால் வைத்தால் தாண்டிவிடலாம். கரும்பாறைக் குன்றில் கசிந்து, மூங்கில் புதர்களுக்குள் வளைந்து வந்து, ஒரு பாறைப் பிளவுக்குள் விழுந்து மறைந்துவிடும். அதற்கப்பால் கூப்பிடு தூரத்துக்கு ஈரமே இல்லாத தரை, முள், சருகு. பிறகு தாழம்புதருக்கு அடியில் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி வெளியே வரும். அதனால் முங்காறு என்றார்கள். பிளவுக்கு வாய் என்று பெயர். அதில் விழுந்த இலையும் பூவும் தாழம்புதரடியில் வந்து சேரும். பெரிதாக எது விழுந்தாலும் வராது.

“கீழ தண்ணி எடுக்காத. வாய்க்கு மேலயே மொண்டுக்க,” என்றான் சம்பங்கி, வந்த அன்றே.

கீழ்த் தண்ணீர்தான் கிட்டத்தில். அவன் வெட்டுக்குப் போனபின் தாயம்மா அங்கேயே மொண்டாள். தண்ணீரில் மஞ்சள் வாசனை வந்தது. இப்போதுதான் குளித்துவிட்டு எழுந்துபோன ஒருத்தியின் வாசனை.

ஒரு நாள் குடத்தின் கழுத்தில் தலைமுடி ஒன்று சுற்றியிருந்தது. அவள் முடி அவ்வளவு நீளமில்லை.

பிறகு அந்த வறண்ட தரை. சுள்ளி பொறுக்க அதன்மேல் நடந்தால், அடியில் யாரோ நடந்தார்கள்.

அவள் நின்றால் அந்த நடையும் நின்றது.

பயந்தாள். ஆனால் பயத்துக்கு அடியில், தனக்கே வெட்கமாயிருந்த ஓர் ஆறுதலும் இருந்தது. இந்தக் காட்டில் தன்னோடு நடக்க ஒருத்தி இருக்கிறாள்.

புருஷனிடம் சொன்னாள். கஞ்சிக்குள் அவன் கை அப்படியே நின்றது. மறுநாள் வெட்டுக்குப் போகாமல் கடைத்தெருவுக்குப் போய், மஞ்சள் கயிற்றில் கோத்த சின்ன வெள்ளித் தகடு வாங்கிவந்தான். அதில் ஒரு பெண்ணுருவம் கீறியிருந்தது.

“கட்டிக்க. மூத்தவளுக்குச் சோறு வெச்சி, ‘அக்கா, வாங்க’ன்னு கூப்புடு. அப்பால ஒண்ணும் பண்ணமாட்டா.”

அவனே கட்டிவிட்டான். அவள் சோறு வைத்தாள். கூப்பிடத்தான் நா எழவில்லை.

பக்கத்துக் குடிசைப் பச்சையம்மாள் தகட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாடி தாயி, வெள்ளியில நகையா? எங்கூட்டு ஆளு கோமணம் வாங்கவே மூக்கால அழுவுறான்.”

தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“இத்த செத்துப்போன மூத்தாளுக்கு இல்ல கட்டுவாங்க?”

தாயம்மா தகட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஓடிப்போனவளுக்கு யாருடி கட்டுவா?”

அன்று மாலை தாயம்மா குனிந்தபடியே பரிமாறினாள். நாக்கை அடக்கலாம். தெரிந்துகொண்ட முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? சம்பங்கி சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த முகத்தையே பார்த்தான்.

விடிந்ததும், “வா, மேல போயி தண்ணி மொண்டு வரலாம்,” என்றான்.

குடத்தை அவனே தூக்கிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் குடத்தைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

வாயின் ஓரத்தில் பாறை வழுக்கியது.

“பச்சையம்மா இன்னா சொன்னா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“குனிஞ்சி மொள்ளு.”

குனிந்தாள். அவன் நிழல் அவள் முதுகைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. நிழலின் இரண்டு கைகளும் உயர்ந்தன.

“அக்கா,” என்றாள் தாயம்மா. “வாங்க.”

வாய் விழுங்குவதை நிறுத்தியது.

தண்ணீர் விழும் இரைச்சல் அறுந்துபோனது. உள்ளே போக மட்டுமே தெரிந்த ஆறு, மஞ்சளாக, சத்தமில்லாமல், திரும்பி மேலே ஏறியது. அவள் பாதத்தருகே வந்து இரண்டாகப் பிரிந்து பின்பக்கம் போனது. அவள் சேலை விளிம்புகூட நனையவில்லை.

“கிருஷ்ணம்மா, வேணாம்மே…”

அவன் குரல் இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பாறையில் நகங்கள் கீறிக்கொண்டே போயின. கை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அது தன் கோபமா, அக்காவின் கோபமா என்று பிறகு ஒருநாளும் அவளால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

ஆறு மறுபடி உள்ளே விழத் தொடங்கியபோது பாறைமேல் அவள் மட்டும் இருந்தாள்.

காடு தீர்ந்து குடிசைகள் கலைந்தன. தாயம்மா சாம்பியன் ரீப்ஸுக்கு வந்து, கல் உடைக்கும் வேலையில் சேர்ந்து, தகர வரிசை வீடொன்றில் குடியிருந்தாள். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசு ஷிப்ட் முடிந்து குடித்துவிட்டு வந்து, பெண்டாட்டியின் கூந்தலைப் பிடித்துக்கொண்டு கையை ஓங்கினான்.

“கை வெக்காத, அண்ணே,” என்றாள் தாயம்மா வாசலில் நின்று.

“நீ யாருடி கேக்க? புருசனத் தொலைச்சவ நியாயம் பேச வந்துட்டா!”

அன்று குழாயடியில் நடந்த சண்டையில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை; வாசு வீட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மூலையில் காலிக் குடம் கவிழ்ந்து கிடந்தது.

அதன் விளிம்புக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு கசிந்து வந்தது. தரை வாசல் பக்கம் சரிந்திருந்தது. கோடு சரிவில் இறங்கவில்லை.

மேடேறி, வாசுவின் காலைப் பார்த்துப் போனது.