பெல்ட் நன்றாகப் பிடிக்கிறது

இயந்திரங்களுக்கும் ஆன்மா உண்டு என்றும், அதன் குரலைக் கேட்கும் செவி நூறாண்டுக்கு ஒருவருக்கே வாய்க்கிறது என்றும் உத்திராபதி சொல்வார். சொல்லும்போது வாயில் போண்டா இருக்கும்.

தா.பழூர் வட்டாரத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் அவரைக் கேட்காமல் வாங்குவதில்லை. கேட்காமல் வாங்கியவரின் வண்டியைத் தெருவில் பார்த்தால் அவர் நின்று, தலையை ஆட்டி, "பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் அந்த வண்டியில் ஏற வீட்டுப் பெண்களே யோசிப்பார்கள். உரக்கடையில் மூட்டை இறக்குவதை மேற்பார்வை பார்த்த மனிதருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று யாரும் விசாரித்ததில்லை. சட்டைப் பையில் ஒரு காந்தம், கையில் ஒரு டார்ச், மேலுதட்டில் பெரிய மீசை. வேறென்ன வேண்டும்?

ஆகவே தங்கை மலர்கொடியின் வீட்டில் கார் பேச்சு எழுந்தபோது, மச்சானை விட்டுவிட்டுப் போக அவள் கணவர் ராசாங்கத்துக்குத் துணிச்சல் வரவில்லை. மலர்கொடிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிசுக்காகத் திருச்சிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். போகும்போது எப்படியோ பஸ்ஸில் போய்விடுவாள். திரும்பும்போது நிற்க முடியாது. போன மாதம் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். இனி கார் இல்லாமல் அவளைக் காப்பாற்ற முடியாது என்று ராசாங்கம் முடிவு செய்துவிட்டார்.

பாடாலூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உச்சி வெயில். வரிசையில் நின்ற வண்டிகளின் கண்ணாடிகள் எல்லாம் கண்ணைப் பறித்தன. கடைசியில் தனியாக நின்ற வெள்ளைக் காரின் கண்ணாடியில் மட்டும் உள்பக்கம் பனி பூத்திருந்தது.

"இப்பதான் ஏசி போட்டு நிறுத்துனேன் சார்" என்றான் புரோக்கர் செந்தில்குமார்.

பானெட் மேல் படிந்திருந்த தூசியில் காக்கை நடந்த தடம் காய்ந்து கிடந்தது.

உத்திராபதி வேலையைத் தொடங்கினார். இடிபட்டுப் பட்டி பூசி மறைத்த இடம் இருக்கிறதா என்று காந்தத்தைத் துண்டில் சுற்றிக் கதவு கதவாக ஒட்டிப் பார்த்தார். ஓட்டுநர் பக்கத் தூணில் மட்டும் அது ஒட்டாமல் கீழே விழுந்தது. காந்தத்துக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தார். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்து மோந்து, "ம்" என்றார். டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "ம்ம்" என்றார். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடியதும் குரலை உயர்த்தினார்.

"இது கீறல் வாங்காத வண்டி மாப்ள. இதுல குறைன்னு ஒன்னு இருந்தா இந்த மீசைய எடுத்துடறேன்."

ராசாங்கம் டிராக்டர் ஓட்டிய கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓட்டி வந்தார். உத்திராபதி பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, என்ஜினுக்குக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். மல்லிகை வாசனை ஸ்ப்ரே தாராளமாக அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் வேறொரு நாற்றம் இருந்தது. கருகிய மயிர் நாற்றம்.

"வண்டி பஞ்சு மாதிரி போவுது மச்சான். மலர நோவாம கூட்டியாந்துடலாம்" என்றார் ராசாங்கம். அவர் கண் கலங்கியிருந்தது. இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனார்.

உத்திராபதி ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தார். பெல்ட் சோதனை பாக்கி இருந்தது. பெல்ட்டை மாட்டும் துவாரத்தில், பெல்ட் போடாவிட்டாலும் அலாரம் அடிக்காமலிருக்க ஒரு போலி கிளிப்பைச் செருகி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி நூலும் கட்டியிருந்தது.

வெளியே நின்ற செந்தில்குமார் பதறினான். "சார், அத மட்டும் எடுக்காதீங்க."

"ஏன்?"

"அது... கத்திக்கிட்டே கெடக்கும் சார்."

"ஏம்ப்பா, எங்கிட்டயேவா? வண்டியில எதை எடுக்கணும் எதை எடுக்கக் கூடாதுன்னு நீ சொல்லித் தரியா?"

நூலை அறுத்துக் கிளிப்பைப் பிடுங்கி, ஜன்னல் வழியே சீமைக்கருவேலப் புதருக்குள் எறிந்தார். செந்தில்குமார் விலகிப் போனான். கொஞ்சம் வேகமாகவே போனான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உத்திராபதி பெல்ட்டை இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. மடி நிறைந்து, காலடியில் சுருள் சுருளாக விழுந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஈரமாக வந்தது.

கையைப் பார்த்தார். சிவப்பு. பெல்ட்டின் நெசவில் மயிர்க்கற்றை சிக்கியிருந்தது. மயிரோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுத் தோல்.

வெளியே லாரிகளின் சத்தம் நின்றுபோயிற்று.

பின்னிருக்கையில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. மேல்வரிசைப் பற்கள் மட்டும் இருந்தன. அதற்குக் கீழே தாடை இல்லை. நாக்கு கழுத்துவரை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாக்கு அசைந்து, காதோரம் மிகவும் மரியாதையாகப் பேசியது.

"நவுருங்க... நான் ஓட்டிக்கிறேன்."

பெல்ட் ஒரே வீச்சில் அவர் கழுத்தைச் சுற்றியது. தலை இருக்கையில் மோதியது. இறுகியது. இன்னும் இறுகியது. குரல்வளையில் ஏதோ நொறுங்கும் சத்தம் அவருக்கே கேட்டது. கால்கள் உதைத்ததில் கண்ணாடியில் செருப்புத் தடம் விழுந்தது. கதவைப் பிறாண்டியதில் கட்டைவிரல் நகம் பிய்ந்து கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. கடைசி மூச்சில் முழங்கை எதிலோ பட்டு, பெல்ட் தளர்ந்து, கதவு திறந்து, தரையில் வந்து விழுந்தார்.

திரும்பிப் பார்த்தார். பெல்ட் சுத்தமாக, உலர்ந்து, தன் இடத்தில் தொங்கியது.

"என்ன மச்சான், கழுத்துல ரத்தம்?" என்று ராசாங்கம் ஓடி வந்தார்.

உத்திராபதி நிமிர்ந்து பார்த்தார். நாலு பேராக இருந்தவர்கள் இப்போது பத்துப் பேராக நின்றார்கள். எல்லோரும் அவர் மீசையைத்தான் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. வண்டியில் பேய் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் தங்கை வீடு பிழைக்கும். ஆனால் கீறல் வாங்காத வண்டி என்று அவரே முழங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"டெஸ்ட்டு பண்ணுனேன்" என்றார், குரல் தேய்ந்து. "பெல்ட்டு நல்லா புடிக்குது."

"அப்ப எடுத்துடலாமா?"

"எடுத்துரு மாப்ள."

வெள்ளிக்கிழமை காலை ராசாங்கம் வீட்டு வாசலில் பூஜை. காருக்கு மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். மலர்கொடி ஊசி குத்திக் குத்திக் கறுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

உத்திராபதி கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு தூரமாக நின்றார்.

"மாமா, நீங்கதான் வண்டிய எடுக்கணும்" என்றாள் ராசாங்கத்தின் மகள் தென்றல், போனில் படம் பிடித்தபடி. "வண்டி எம் பேருல இருக்கு. தாய்மாமன் எடுத்தாதான் மொறை."

"எனக்கு முட்டி வலி பாப்பா. அப்பா எடுக்கட்டும்."

பக்கத்து வீட்டு வீராயி விடவில்லை. "ஊரு வண்டிக்கெல்லாம் சோசியம் சொல்றவரு, ஒரு எலுமிச்சம்பழம் நசுக்க முட்டி வலிக்குதாக்கும்! மொறை செய்யணுமேன்னு நழுவுறாரு பாரு."

கூட்டம் சிரித்தது.

"ஏறுண்ணே" என்றாள் மலர்கொடி. "எனக்காவ."

உத்திராபதி ஏறினார். சாவியைத் திருப்பினால் போதும், அணைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தார். திருப்பினார். என்ஜின் உறுமியது. பெல்ட் மாட்டச் சொல்லி அலாரம் அடித்தது.

"மச்சான், ஒரு நிமிசம். பழம் நவுந்துடுச்சு" என்று சொல்லி ராசாங்கம் முன்சக்கரத்துக்கு எதிரே குனிந்தார்.

கதவுகள் நாலும் பூட்டிக்கொண்டன.

கருகிய மயிர் நாற்றம்.

பெல்ட் பாம்பைப்போல் நகர்ந்து, மப்ளருக்கு அடியில் புகுந்து, பழைய காயத்தின் மேலேயே படிந்து, துவாரத்தில் 'டக்'கென்று மாட்டிக்கொண்டது. அலாரம் நின்றது.

"நவுருங்க."

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு வேறு சத்தம் கேட்டது.

கார் ராசாங்கத்தின் மேல் ஏறி நின்றது. நிதானமாகப் பின்னால் வந்தது. மறுபடி ஏறியது. இரண்டாம் தடவை அவர் கத்தவில்லை. கத்துவதற்கு நெஞ்சு இல்லை. வாசல் கோலம் முழுக்க ரத்தம் ஓடி, மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியை இழுத்துக்கொண்டு போயிற்று. மலர்கொடி நாற்காலியிலிருந்து விழுந்து, கணவரின் அறுந்த கையைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் வந்தது.

கார் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. பக்கத்துச் சந்தில் வளைந்து, மின்கம்பத்துக்கும் வைக்கோல்போருக்கும் நடுவே பின்பக்கமாக நுழைந்து, மாட்டுக்கொட்டகை நிழலில் நேராக நின்றது. என்ஜின் அணைந்தது. பெல்ட்டை அறுத்துத்தான் உத்திராபதியை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தென்றலின் போனில் இருந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதில் ஓட்டுநர் இருக்கையில் உத்திராபதி மட்டுமே தெரிந்தார்.

"ஆள் மேல ஏத்தியிருக்கீங்க. ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஏத்தியிருக்கீங்க. அந்தச் சந்துல திருப்பி, பின்னாடியே கொட்டகைக்குள்ள விட்டுருக்கீங்க. வண்டியில ஒரு கீறல் இல்ல. இது தவறுதலா நடந்ததுன்னு நான் நம்பணுமா?"

உத்திராபதி வாயைத் திறந்தார். குரல்வளை வலித்தது.

"எத்தன வருசமா வண்டி ஓட்டுறீங்க?"

ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்றது. அவர் பேச்சைக் கேட்டு வண்டி வாங்கிய அத்தனை பேரும் நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். உத்திராபதி மீசையைத் தடவிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அந்த வாரமும் மலர்கொடி டயாலிசிசுக்குப் போனாள். தென்றல் பஸ்ஸில் கூட்டிப் போனாள்.

கார் காவல் நிலைய வளாகத்தில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. பெல்ட்டை அறுத்த இடத்தில் இப்போது வெட்டு இல்லை. பகலில் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூக்கிறது. காவலர் நர்மதா கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு வருவார். திரும்பிப் பார்க்கும்போது அது மாட்டியிருக்கும், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் முன்னால் புடைத்துக்கொண்டு. இப்போதெல்லாம் அவர் அந்தப் பக்கம் போவதில்லை.

உத்திராபதி இதுவரை வாக்குமூலம் கொடுக்கவில்லை.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.