ஒரு டம்ளர் அழுக்கு

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றில் ஒப்பற்றது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல, வடிகட்டிதான் என்று ரொசாரியோ காபியை உறிஞ்சியபடி அறிவித்தார். நேற்று அந்த வீட்டார் கழித்த சிறுநீர்தான் இன்று காபியாகத் திரும்பியிருந்தது. செவ்வாய்க் கோளின் முத்துக்குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை. ரொசாரியோ அங்கே நீர்ப் பொறியாளர் வேறு.

அன்று அவர் வீட்டுக்குக் கடல் வந்திருந்தது. கண்ணாடித் தொட்டி நிறைய உப்புநீர். அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில், வெள்ளைப் பட்டை போட்ட ஓர் ஆரஞ்சு மீன். வீட்டுக்கு ஒன்றுதான், செத்தால் மறுமீன் கிடையாது. தூத்துக்குடியை விட்டுக் கிளம்ப மனைவி பிலோமினா கேட்டது அது ஒன்றைத்தான். சன்னலுக்கு வெளியே அடிவானம்வரை சிவந்த, செத்த மண். உள்ளே மீன் செவுளை அசைத்தது. பிலோமினா முக்காடு போட்டுக்கொண்டு தொட்டியின் முன்னால் நின்றாள், கோயிலில் நிற்பதுபோல.

இனி நீரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். குடியிருப்பில் அதற்கொரு வழக்கம் இருந்தது. புதுத் தொட்டிக்காரர் பழைய தொட்டி உள்ள வீட்டுக்குக் கிண்ணத்தோடு போய், அடியில் கிடக்கும் மண்ணில் ஒரு கை வாங்கிவருவார், தயிருக்கு உறைமோர் வாங்குவதுபோல. முதல் தொட்டிக்காக மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த மண் இப்படியே வீடுவீடாகப் பரவியிருந்தது. எதிர்வீட்டு தஸ்நேவிஸ் கிண்ணத்தோடு போன நாளில் ரொசாரியோ நடைபாதையிலேயே மறித்துக்கொண்டார்.

"பிச்சை எடுக்கதுக்கா மச்சான் இவ்வளவு தூரம் ராக்கெட்ல வந்தீய? அதுவும் அழுக்கை?"

பூமி அழுக்காகிவிட்டது என்றுதானே எல்லோரும் கிளம்பியது.

ரொசாரியோ தாமே வடிவமைத்த நுண்துடைப்பானைப் பொருத்தினார். கண்ணுக்குத் தெரியாத இயந்திரங்களால் ஆன வலை அது. தூசு, பாசி, கிருமி எதையும் விடாது. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்தது. மீன் அந்தரத்தில் பறந்தது.

சில நாளில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. அது கழித்த அம்மோனியா நீரில் கரைந்து விஷமாகிக் கிடந்தது, வலைக்கு அகப்படவில்லை. அதைத் தின்று தீர்க்கும் கிருமிகளோ முதல் நாளே துடைத்தெறியப்பட்டிருந்தன. ரொசாரியோ தண்ணீரை மாற்றினார். மறுபடியும் விஷம் ஏறியது.

"உங்க தண்ணி ரொம்ப நல்லாத்தான் இருக்கு," என்றாள் பிலோமினா, மீனைவிட்டுக் கண்ணெடுக்காமல். "அதுக்குத்தான் குடுத்துவைக்கல."

ரொசாரியோ எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். தஸ்நேவிஸ் வீட்டு மண்ணை ஒருமுறை உருப்பெருக்கியில் பார்த்திருந்தார், குறை கண்டுபிடிக்கத்தான். ஒரு சிட்டிகைக்குள் கோடிக்கணக்கில் உயிர்கள், தின்றும் பிரிந்தும் பெருகியும். வெளியே கிடந்த கோள் முழுவதையும் சலித்தாலும் அதில் ஒன்று தேறாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, அசுத்தம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மதியம், நடைபாதையே உறங்கும் வேளையில், நுண்துடைப்பானைக் கழற்றிவைத்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்து, மேலே தட்டை வைத்து மூடி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

தஸ்நேவிஸ் டம்ளரைப் பார்த்தார். தட்டையும் பார்த்தார்.

"காபித்தூளா மச்சான்?"

"ஆமா," என்றார் ரொசாரியோ.

தஸ்நேவிஸ் வேறெதுவும் கேட்காமல் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டார். ரொசாரியோ டம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் அடிமேல் அடிவைத்து வீடு திரும்பினார். முழுக் கடலும் பக்கத்திலேயே கிடந்த காலத்தில் அதை யாரும் இப்படிப் பிடித்ததில்லை.