அந்தப் பக்கத்து அப்பா

1958 போகிக்கு ஒரு வாரம் முன்னால், மலாக்கா காஜா பெராங்கில் அஞ்சலையம்மாவின் பழைய வீட்டுக்குக் குடிவந்தோம். நான், என் மனைவி பூங்காவனம், மகள் இந்திரா. ஓடு ஒழுகும். கிணற்றுத் தண்ணீரில் துருவாடை அடிக்கும். எந்த வீடாக இருந்தாலும் அப்போது எனக்குப் பிடித்திருக்காது.

எங்கள் சின்னவன் கணபதி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று பண்டார் ஹிலிர் திடலில் ஒரே கூட்டம். 'மெர்டேக்கா', விடுதலை என்ற சத்தத்தில் பிள்ளைகள் இரண்டும் என் கையை உதறிவிட்டுச் சாலையில் இறங்கின. லாரி வந்தது. ஒருத்தரைத்தான் இழுக்க முடிந்தது.

இந்திராவை இழுத்தேன்.

நான் அறிவியல் வாத்தியார். ஒளித்துகளுக்கு இரண்டு வாசல் வைத்தால், யாரும் கவனிக்காதவரை அது இரண்டிலும் போகும். இரண்டு வழியும் ஒன்றோடொன்று கலக்கும். பார்த்துவிட்டால் கலப்பு போச்சு. ஆனால் மற்ற வழி அழிவதில்லையாம். உலகமே கிளைத்து, அங்கேயும் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறதாம். அமெரிக்காவில் எவனோ ஒரு பொடியன் எழுதியிருப்பதாகச் சிங்கப்பூர் நண்பன் கடிதம் போட்டிருந்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அங்கே நான் கணபதியை இழுத்திருப்பேன் அல்லவா?

அஞ்சலையம்மா மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்த தமிழ் வம்சம். பேச்சில் பாதி மலாய்; வாத்தியார் என்பதால் என்னை 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க வழக்கப்படி போகிக்குச் செத்தவங்களுக்கு இலை போட்டு கதவைச் சாத்து, சிக்கு. ஜாங்கான் தெங்கோ, பார்க்கவே கூடாது. உயிரோட இருக்கிற ஆளு உள்ளே போகக் கூடாது."

நண்பகலில் கணபதிக்கு இலை போட்டோம். அவனுக்குப் பிடித்த இடியாப்பம், தேங்காய்ப்பால். ஜன்னலை அடைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். இடுக்கில் சாம்பிராணிப் புகை கசிந்தது.

உள்ளே இலை சரசரத்தது.

பிறகு ஒரு சிரிப்பு.

பூங்காவனத்தின் நகம் என் கையில் இறங்கியது. "என்னங்க... நம்ம புள்ள சிரிப்புங்க. உயிரோட இருக்கான்ங்க."

எனக்கும் புரிந்தது. யாரும் பார்க்காத அந்த அறையில் இரண்டு வழியும் கலக்கின்றன. கதவைத் திறந்து பார்த்தால் கலைந்துவிடும். பார்க்காமல் ஒரு ஆளை அனுப்பினால்? அட, எனக்குத்தான் என்ன மூளை!

இந்திராவின் காதருகே குனிந்தேன்.

"கண்ண இறுக்க மூடிக்கிட்டு உள்ள போ. தம்பி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா."

"பயமா இருக்குப்பா."

"போன்னு சொல்றேன்ல!"

தள்ளிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

சிரிப்பு நின்றது.

வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கதவு உள்ளேயிருந்து திறந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு கையை முன்னால் நீட்டித் தடவியபடி கணபதி வெளியே வந்தான். இரண்டு வயது வளர்ந்திருந்தான். பூங்காவனம் கதறிக்கொண்டு அவனை அள்ளினாள்.

நான் உள்ளே ஓடினேன். துடைத்த இலை. வேறு யாரும் இல்லை.

"அக்கா எங்கடா?"

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அக்காதான் லாரியில செத்துப்போச்சே... நீங்கதானப்பா அக்காவைக் கூட்டிட்டு வரச்சொல்லி என்னைய உள்ள தள்ளுனீங்க?"

அந்தப் பக்கத்தில் நின்றவனும் நான்தான். இறந்த பிள்ளைக்காக, இருந்த பிள்ளையைத் தள்ளியிருக்கிறான். எனக்குத் தோன்றியது அவனுக்கும் தோன்றாமல் போகுமா? பிள்ளைகள் இடம் மாறிவிட்டார்கள். என்னையே நான் காறித் துப்ப வேண்டும்.

அஞ்சலையம்மா எங்கள் வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். பூங்காவனம் ஒரு மாதம் மகனைக் கொஞ்சினாள். அப்புறம் இந்திராவின் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அடுத்த போகிக்கு இந்திராவுக்கு இலை போட்டோம். கதவைச் சாத்தினோம். மூவரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

உள்ளே, மிக அருகில், அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் கெஞ்சியது.

"பயப்படாத இந்திரா. தம்பி அங்கதான் நிக்கிறான். போம்மா."

கணபதி என்னை நிமிர்ந்து பார்த்தான். என் கை அதற்குள் அவன் முதுகில் இருந்தது.

அவனாகவே கண்ணை மூடிக்கொண்டான்.