பின்கதவு சாத்திய வீடு

பொந்தியான் ஊரின் கடைத்தெருவுக்குப் பின்னால் வெகுநாள் காலியாகக் கிடந்த பலகை வீட்டுக்குக் குடிவந்ததும், சிவசம்பு முதலில் அவிழ்த்தது பாத்திர மூட்டையை அல்ல. நில அளவை அலுவலகம் கொடுத்தனுப்பிய பழைய வரைபடச் சுருள்களை. ஊரைப் புதிதாக வரைவதுதான் அவர் வேலை. மனிதருக்கோ பழைய ஊர்மேல்தான் பித்து. ஒவ்வொரு கிணறும் கள்ளுக்கடையும் குறித்த தாள்கள் அவை. மீன் விற்கும் இடத்தில் முன்பு படகுத்துறை இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்துச் சாப்பாட்டுக்கடை முனீரைப் பிடித்து உட்காரவைத்துக் கதை சொல்வார்.

மனைவி அன்னலட்சுமிக்கு நிறைமாதம். முந்திய பிள்ளை தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று இருவரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தியில் அவள் விளக்கேற்றி, லட்சுமி வரட்டும் என்று முன்கதவைத் திறப்பாள். வந்தவள் போய்விடாதபடி பின்கதவைச் சாத்துவாள். கடல்தாண்டி வருமுன் யாழ்ப்பாணத்தில் பழகிய வழக்கம்.

இந்த வீட்டில் விளக்கு வைத்ததும் ஈரமண் வாசனை வந்தது. பிறகு சாம்பிராணி. யாரும் மிதிக்காமலே பலகைத் தரை முனகியது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் ஒருநாள், மெல்ல. “வீட்டுக்குள்ள கனபேர் நிக்கிற மாதிரிக் கிடக்கு. நாளுக்கு நாள் கூடுகினம். மூச்சு முட்டுது.”

அவர் சிரித்து மழுப்பினார்.

மறுநாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் கொடுக்காமல் போனாள். சிவசம்புவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை தன்னால் வரைபடத்துக்குப் போனது. ஊரையெல்லாம் தேடியவர், தன் வீடு நிற்கும் இடத்தை மட்டும் பார்த்திருக்கவில்லை.

படகுத்துறையிலிருந்து ஒரு புள்ளிக்கோடு கிளம்பியது. இப்போதைய முன்வாசலில் நுழைந்து, பின்வாசல் வழியாகப் போய், ‘கல்லறைகள்’ என்று எழுதிய இடத்தில் முடிந்தது.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிய தாளைப் பார்த்ததும் முனீரின் குரல் இறங்கியது.

“மய்யத்து தூக்கிட்டுப் போற வழிங்க இது. பேதி வந்த வருசம் கம்பத்து சனத்துல பாதி இதுலதான் போச்சுன்னு அத்தா சொல்வாங்க. நீங்க பின்கதவ சாத்தியா வைக்கிறீங்க?”

முன்கதவால் வந்தவர்கள் ஒருவரும் வெளியே போகவில்லை.

சிவசம்பு வீட்டுக்கு ஓடினார். அன்னலட்சுமி விளக்கேற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தார்.

விளக்கு அணைந்தது.

குளிர்ந்த தோள்கள் அவரை உரசிக்கொண்டு போயின. ஒன்றன்பின் ஒன்றாக. பாரம் சுமப்பவர்களின் மூச்சு காதோரம் கேட்டது.

கடைசியில் தவளைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

“போயிட்டினமோ?”

“ஓம். போயிட்டினம்.”

இருட்டில் அவள் விம்மினாள். “அசையுது. என்ரை பிள்ளை அசையுது.”

அவரும் அழுதேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை ஏற்றி, பின்வாசலுக்குக் கொண்டுபோனார்.

சேற்றில், வெளியே போன பாதங்கள் நிறையப் பதிந்திருந்தன. அவற்றுக்கு எதிராக ஒரு குழந்தையின் பாதங்கள் மட்டும் உள்ளே வந்திருந்தன. பலகைமேல் ஈரமாக, அன்னலட்சுமியின் கட்டில் வரைக்கும்.

திரும்பிப் போன தடம் இல்லை.