இரண்டாவது வெஸ்பெரா

அந்தப் பெயருக்கு எதிரே இரண்டு என்று இருந்தது.

ஆறு வருடமாக அங்கே ஒன்றுதான் இருந்தது. பிறப்புப் பதிவு அலுவலகத்தின் பெயர்ப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்தப் பெயரில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று வருடா வருடம் அட்டைகளை எண்ணிப் பட்டியல் எழுதுவாள். முதல் பக்கத்துப் பெயர்களை ஊரே பார்க்கும். கடைசிப் பக்கத்தை அவள் மட்டும்தான் பார்ப்பாள். ஒரே ஒரு குழந்தைக்கு வைத்த பெயர்கள் அங்கே கிடக்கும். வெஸ்பெரா, ஒன்று. லத்தீன் சொல், மாலைப்பொழுது என்று அர்த்தம், அந்தியில் தெரியும் வெள்ளிக்கும் அதை ஒட்டியே பெயர். தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் பிறந்தவள் என்பதால் அவள் தன் மகளுக்கு ஆசை ஆசையாகத் தேடி வைத்தது. அது காகிதத்துக்கு மட்டும். வீட்டில் சிட்டு.

சிட்டு போய் எட்டு மாதம் ஆகிறது. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் இரண்டும் இருக்கக் கூடாது, ஒன்றும் இருக்கக் கூடாது.

குழந்தை இறந்துவிட்டதாகத் தாள் வந்தால், அந்த அட்டையை எடுத்துச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கீழ் இழுப்பறையில் போட வேண்டும். அட்டையை எழுதிய கையே கோட்டையும் போட வேண்டும் என்பது அங்கே பழக்கம். சிட்டுவின் அட்டையை எழுதியது அவள்தான். சிட்டுவின் தாளும் மற்ற முப்பது தாள்களோடு அவள் மேசைக்கே வந்தது. ஒரு வாரம் போகட்டும் என்று மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தாள். வாரம் போயிற்று. மாதங்களும் போயின.

கோடு விழாத அட்டைக்கு அரசாங்கம் கடிதம் அனுப்பிக்கொண்டேயிருக்கும். தடுப்பூசிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. அன்று காலையிலும் ஒன்று வந்திருந்தது. பஸ் ஓட்டப் போகும் சீருடையோடு கணவன் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க," என்றான். "உங்க ஆபீஸ்ல எல்லாரும் தூங்கறாங்களா?"

"கொஞ்சம் தாமதமாகும்."

"எட்டு மாசமா?" அவன் அவள் முகத்தையே பார்த்தான். "அது யார் எழுதின கார்டு?"

அவள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"விட்டுரும்மா," என்றான் மெதுவாக. "ஒவ்வொரு மூச்சுக்கும் என்ன பாடுபட்டா. இன்னும் அவளை வரிசையில நிக்க வைக்காத. இன்னைக்குக் கோட்டைப் போட்டுட்டு வா. எனக்காக இல்ல, அவளுக்காக."

சரி என்றுதான் வந்தாள். வந்து பட்டியலைத் திறந்தால், இரண்டு. நேற்று அவளே எண்ணி எழுதியது, அவளுடைய எழுத்துத்தான். எழுதியது மட்டும் நினைவில் இல்லை.

அன்று முழுவதும் அவள் அட்டை அறைக்குள் போகவில்லை. வந்த தொலைபேசிக்கெல்லாம் பதில் சொன்னாள். இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், இது ரொம்பப் பேருக்கு இருக்கிறதா, என் பொண்ணுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும், இப்படித்தான் எல்லோரும் கேட்பார்கள். அவளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தாள்.

மாலை ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு முத்திரை என்று பட்டப்பெயர். சாப்பாட்டு டப்பாவிலும் முத்திரை குத்தித்தான் மூடுவார் என்று பெண்கள் சிரிப்பார்கள். இன்று அவர் சிரிக்கும்படி எதுவும் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார்ம்மா. நானே போட்டுருவேன். ஆனா எழுதின கை நீங்க. வேணும்னா பக்கத்துல நிக்கட்டுமா?"

"வேணாம் சார். நீங்க கிளம்புங்க."

"விளக்கை அணைக்காம போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டை அறை நீளமான கூடம். இரண்டு பக்கமும் உத்தரம் வரை இழுப்பறைகள், நடுவே வரிசையாக மேசைகள். பழைய காகிதத்தின் புளித்த வாடையும், அறையைச் சூடாக்கும் குழாயிலிருந்து வரும் தூசி வாடையும், அவற்றுக்கு அடியில், இல்லை என்று நினைத்தால் இல்லாமலும் இருக்கிறது என்று நினைத்தால் இருந்தும் தொலைக்கிற மாதிரி, இருமல் மருந்தின் இனிப்பு வாடையும் அவளை வந்து சூழ்ந்தன. சிட்டு பள்ளிக்கூடம் விட்டு வந்து காத்திருப்பது முதல் மேசைக்கு அடியில்தான். காலணிகளைக் கழற்றி ஒட்டி வைத்துவிட்டு, எதையோ முனகிப் பாடிக்கொண்டு, நடு நடுவே கேட்பாள்: "அம்மா, இன்னும் எத்தனை?" இன்னும் எத்தனை அட்டை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

ஒருநாள் வேறு மாதிரி கேட்டாள். "என் பேரு எத்தனை பேருக்கும்மா இருக்கு?"

"உனக்கு மட்டும்தான்டா தங்கம். ஒசத்தியான பேரு."

"எனக்கு ஒசத்தி வேணாம். எங்க க்ளாஸ்ல ஒரே பேர்ல நாலு பேரு. டீச்சர் கூப்பிட்டா நாலும் சேர்ந்து எழுந்திரிக்குதுங்க. நான் மட்டும் தனியா எழுந்திரிக்கிறேன். எனக்கும் இன்னொருத்தி வேணும்மா."

"எங்கேயாவது ஒருத்தி இருப்பா. அம்மா தேடித் தர்றேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். எந்தத் தாய் சொல்ல மாட்டாள், சொல்லுங்கள்.

இழுப்பறையைத் திறந்தாள். சக்கரம் கிறீச்சிட்டது. வெஸ்பெரா. அதன் பின்னால் இன்னொரு வெஸ்பெரா. தாயின் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர். பிறந்த தேதி என்ற இடத்தில் சிட்டு இறந்த தேதி. எழுதியவர் என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து. விரலால் தொட்டாள். மை இழுபட்டது. இன்னும் காயவில்லை.

மேசைக்கு அடியில் யாரோ முனகிப் பாடினார்கள்.

அவள் குனியவில்லை. குனியவே கூடாது என்று மட்டும் தெரிந்தது. பாட்டு தேய்ந்து இழுப்பாக மாறியது. அந்த ஆஸ்பத்திரி மாலையில் கேட்ட அதே இழுப்பு, விரிசல் விழுந்த புல்லாங்குழல் போல, ஒவ்வொரு மூச்சும் முந்தையதைவிட மெலிந்து, ஆனாலும் விடாமல். அவள் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். முதல் அட்டையை மேசையில் வைத்தாள். குறுக்கே கோட்டை இழுத்தாள்.

நீளமாக ஒரு மூச்சு. பிறகு, சம்மதம் சொல்வது போலச் சின்னதாக ஒரு "ம்."

பிறகு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் இப்படித்தான். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டு மாதமாக அழாத அழுகையெல்லாம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"அம்மா, இன்னும் எத்தனை?"

குரல் இரண்டாவது மேசைக்கு அடியிலிருந்து வந்தது. இருமல் ஒன்று. மறுபடி அந்த இழுப்பு.

இரண்டாவது அட்டை. கோடு. நீளமான மூச்சு. "ம்."

மூன்றாவது அட்டையும் இருந்தது. அதே பெயர். ஈர மை. அவளுடைய கையெழுத்து. எந்த மாலை எழுதினாள்? எட்டு மாதமாக எல்லோரும் போன பிறகு இங்கே என்ன செய்துகொண்டிருந்தாள்? வேலை அதிகம் என்றுதான் கணவனிடம் சொன்னாள். அப்படித்தான் அவளும் நம்பினாள்.

இழுப்பு. கோடு. "ம்."

நிறுத்திப் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். நான்காவது மேசைக்கு அடியில் மூச்சு திணறியது. முடியவுமில்லை, அடங்கவுமில்லை. சின்ன விரல்கள் தரையைப் பிராண்டின. தாயால் எவ்வளவு நேரம் கேட்க முடியும்? எடுத்தாள். கோடு போட்டாள். அடங்கியது.

அடுத்தது.

அடுத்தது.

பக்கத்து இழுப்பறை தானாக நகர்ந்து திறந்தது. அதிலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வைத்த பெயர்களின் இழுப்பறைகள் அவை. விரலெல்லாம் சிவப்புத் தூள். பென்சில் நகத்தளவு ஆகிவிட்டது. கூடத்தின் கடைசி வரை, ஒவ்வொரு மேசைக்கும் முன்னால், ஒட்டி வைத்த ஒரு ஜோடிக் காலணி.

எல்லா மேசைக்கு அடியிலும் இழுப்பு.

"சிட்டு," என்றாள். "சிட்டும்மா, போதும். வீட்டுக்குப் போலாம் வா."

யாரும் வரவில்லை.

காகிதத்துக்கு மட்டும் வைத்திருந்த பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"வெஸ்பெரா."

இழுப்பு நின்றது. எங்கும் வெறுங்கால்கள் தரையில் ஊன்றும் சத்தம். அந்தி வெளிச்சத்தில், கூடம் நெடுக, மேசைகளுக்கு அடியிலிருந்து அவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுந்தார்கள். ஒரே முகம். குறுக்கே சிவப்புக் கோடு இழுத்த முகங்களும், இன்னும் இழுக்காத முகங்களும். எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. ஒருத்திகூடத் தனியாக எழவில்லை.